எங்கள் வரிக்காசுக்குக் கணக்கு எங்கே?

கனகராயன்கரை (மாங்குளம்)
12 ஒக்டோபர் 2025, இரவு 8.40

வணக்கம் உறவுகளே. தீபாவளிக்குச் சாமான் எடுக்க வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குப் போய்வந்தேன். இன்று கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு, மொத்த வியாபாரி தந்த பில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் 270,000 ரூபாய். அதில் வற் (பெறுமதி சேர்) வரி மட்டும் 41,000 ரூபாய்க்கு மேல். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், பற்றரி, சலவைத்தூள். ஒன்றும் ஆடம்பரச் சாமான் இல்லை.

என்னுடைய வியாபாரம் வருடத்துக்கு 6 கோடியைத் தொடாது. அதனால் நான் வற் வரிக்குப் பதிவு செய்யத் தேவையில்லை. பலர் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். பதிவு இல்லாத கடைக்காரன், தான் கட்டிய வற்றைக் கழித்துக்கொள்ள முடியாது. அது அப்படியே சாமான் விலைக்குள் போய்விடும். என் கடைப் பில்லில் வரி என்று ஒரு இடத்திலும் இருக்காது. ஒரு கட்டி சவர்க்காரம் வாங்க வரும் ஆச்சி, "ஏன் தம்பி திரும்பவும் கூட்டிப்போட்டாய்" என்று என்னைத்தான் கேட்கிறார். 2019 முடிவில் 8 வீதமாக இருந்தது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு முறையும் விலையை மாற்றி எழுதி ஒட்டியவன் நான், ஏச்சு வாங்கியவனும் நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று விளங்கும். நான் பழைய போக்குள்ள ஆள். பாராளுமன்றத் தேர்தலில் எப்போதும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் போட்டேன். கடன் வாங்கிப் பெருமை காட்டும் அரசியல் எனக்கு ஒத்துவராது. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். முகாமில் இருந்து 2010 இல் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் கடை போட்டோம். பெரிய கடன் எடுக்கவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஐயா சொல்லித் தந்த கணக்கு அது.

எங்கள் கோயில் பரிபாலன சபையில் எட்டு வருடம் பொருளாளராக இருந்தேன். திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு வரவு செலவை வாசிப்போம். கற்பூரத்துக்குக் கொடுத்த காசுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். ஒரு வருடம் மேளக்காரருக்குக் கொடுத்த 2,500 ரூபாய்க்குச் சீட்டு இல்லை. ஒரு கிழவர் எழும்பி எல்லார் முன்னாலும் கேட்டார். என் கைக்காசைப் போட்டுச் சரிசெய்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊர்க்காசு, ஊரவர் கேட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாட்டில் யார் அளக்கிறார்கள்? 2013 இல் மத்தலவில் விமான நிலையம் திறந்தார்கள். 20 கோடி டொலர் அளவில் செலவு, பெரும்பகுதி சீனக் கடன். விமானம் வரவில்லை. தேசிய விமான நிறுவனத்தின் பழைய கடனுக்கு இந்த வருடப் பாதீட்டிலும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மாங்குளத்து ஆச்சி அந்த விமானத்தில் ஏறியதில்லை. அவருடைய சவர்க்காரத்துக்குள் இருந்தும் அதற்குக் காசு போகிறது. எங்கள் ஒழுங்கையில் உடைந்த மதகு மூன்றாவது மாரியையும் பார்க்கப்போகிறது.

வரி கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கட்டுகிற காசுக்குக் கோயிலில் வாசிப்பதுபோல் ஒரு கணக்கு வேண்டும் என்கிறேன். அடுத்த மாதம் 2026 பாதீடு வருகிறது. என்னைப்போல் யோசிப்பவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். மறுத்துப் பேசுகிறவர்களும் எழுதுங்கள்.


முரசுமோட்டை வயல் (கிளிநொச்சி)
12 ஒக்டோபர் 2025, இரவு 10.15

இருக்கிறோம் அண்ணை. உங்களுக்குச் சவர்க்காரம், எனக்கு டீசல்.

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெல் செய்கிறேன். இப்போது காலபோக விதைப்பு நேரம். உழவு, மட்டம் அடிப்பு, கடைசியில் அறுவடை மெசின் என்று ஒரு போகத்துக்கு 90 லீற்றர் வரை டீசல் எரியும். 2024 ஜனவரிக்கு முன்னர் டீசலுக்கு வற் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. அதோடு எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் திறைசேரி பொறுப்பேற்று, அதை அடைக்க லீற்றருக்கு 50 ரூபாய் எடுக்கிறது. அந்த 50 மட்டும் என் வயலுக்கு 4,500 ரூபாய். அந்தக் கடனை நான் பட்டேனா?

உரமானியம் தருகிறார்களே என்பீர்கள். ஹெக்டேயருக்கு 25,000, அதாவது ஏக்கருக்குச் சுமார் 10,000. நல்ல காசுதான், நான் வாங்கினேன். ஆனால் போன காலபோகத்தில் அது என் கணக்குக்கு வந்தபோது முதல் பசளை எறிந்து முடிந்துவிட்டது. கடையில் கடனுக்கு எடுத்து, அறுவடையில் வட்டியோடு கொடுத்தேன். ஒரு பக்கத்தால் டீசலில் எடுத்து மறு பக்கத்தால் பிந்திக் கொடுக்கிறார்கள். இடையில் படிவம், கூட்டம், கையெழுத்து, நாலு நாள் அலைச்சல்.

நெல் விலையையும் சொல்லவேண்டும். பெப்ரவரி 5 ஆம் திகதி கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று அரசு விலை அறிவித்தது. கேட்கச் சந்தோஷம். ஆனால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மெசினால் வெட்டி இறக்குகிற நெல் பச்சையாகத்தான் இருக்கும். அதைக் காயவைக்க எங்கள் ஊரில் ஒரு தளம் கிடையாது. வீதி ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டோம். இரண்டாம் இரவே மழை. நனைந்த நெல்லை வாசலுக்கு வந்த வியாபாரிக்கு 95 ரூபாய்க்குக் கொடுத்தேன். அறிவித்த விலை பத்திரிகையில்தான் இருந்தது.

எனக்கு மானியம் வேண்டாம். டீசலில் எடுப்பதைக் குறையுங்கள். எங்கள் கமக்கார அமைப்புக்கு ஒரு உலர்த்தும் தளம் கட்டித் தாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்ப்போம். 2021 இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தி எங்கள் விளைச்சலைப் பாதியாக்கினார்கள். அந்த நட்டத்தைத் தாங்கியதும் நாங்கள்தான், பிறகு வந்த வரியைத் தாங்குவதும் நாங்கள்தான்.


நெடுங்கேணி பாலை
12 ஒக்டோபர் 2025, இரவு 10.50

நூற்றுக்கு நூறு சரி. அதோடு அஸ்வெசும என்று அரசு வறிய குடும்பங்களுக்கு உதவிப்பணம் அள்ளிக் கொடுப்பதையும் பேசவேண்டும். உழைக்கிறவனிடம் எடுத்து வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்தால் யார் வயலில் இறங்குவது? எங்கள் பக்கம் களை பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை.


கணக்குத்தம்பி (வவுனியா)
13 ஒக்டோபர் 2025, காலை 7.20

கனகராயன்கரை அண்ணை, உங்கள் கோயில் கணக்கை வாசித்தபோது மனதுக்கு நன்றாக இருந்தது. ஆனாலும் ஒரு இடத்தில் மறுக்கவேண்டியிருக்கிறது. நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2019 முடிவில் வற் வரியை 15 இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். பதிவு செய்யவேண்டிய எல்லையை வருடத்துக்கு 1.2 கோடியிலிருந்து 30 கோடியாக உயர்த்தினார்கள். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியை எடுத்தார்கள். சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பதையும் கட்டாயம் இல்லை என்றார்கள். வியாபாரிகள் எல்லாரும் கைதட்டினார்கள். 2022 இல் அரசின் வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதம் அளவுக்கு விழுந்துவிட்டது. அவ்வளவு குறைவாக வரி எடுத்த நாடுகள் உலகத்தில் மிகச் சிலதான். மிச்சத்துக்குக் காசு அச்சடித்தார்கள். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பெற்றோலுக்கு நீங்கள் இரவிரவாக வரிசையில் நின்றது அதனால்தான். ஆகவே வரியைக் குறை என்று மட்டும் கேட்டால் திரும்பவும் அந்த வரிசைக்குத்தான் போவோம்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்கிறேன். 2023 இல் சேர்ந்த வரியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மறைமுக வரி. கொழும்பில் மாடிவீட்டில் இருப்பவரும் மாங்குளத்து ஆச்சியும் ஒரு கட்டி சவர்க்காரத்துக்கு ஒரே வரி. அதே வருடம் அரசின் வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. அதாவது நாங்கள் கட்டுவது பெரும்பாலும் பழைய செலவுக்கு. மத்தல ஓடுதளம் உடைந்து போனாலும் அதன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.


கனகராயன்கரை (மாங்குளம்)
13 ஒக்டோபர் 2025, பகல் 1.05

தம்பி, மறைக்காமல் சொல்கிறேன். 8 வீதம் ஆக்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மாதம் விலையைக் குறைத்து எழுதி ஒட்டினேன். பின்னால் என்ன வரும் என்று யோசிக்கவில்லை. அதில் நீர் சொல்வது சரி.

ஆனால் வருமானத்தைக் குறைத்தவர்கள் செலவையும் குறைத்திருக்கவேண்டும். வீட்டில் சம்பளம் குறைந்தால் முதலில் என்ன செய்வோம்? 2020 இல் அவர்கள் ஒரு இலட்சம் பேருக்கு அரச வேலை தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு மேலே பட்டதாரி நியமனம். ஒக்டோபரில் சீனிக்கு இருந்த 50 ரூபாய் வரியை 25 சதமாக்கினார்கள். என் கடைக்கு வந்த சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. இறக்குமதி செய்தவர்களுக்குத்தான் இலாபம். அரசுக்கும் இல்லை, ஆச்சிக்கும் இல்லை. வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் நடுவில் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு நெஞ்சு எரிகிறது அதுதான்.


ஓமந்தை ரீச்சர்
13 ஒக்டோபர் 2025, பின்னேரம் 4.30

வரி என்ற பெயர் இல்லாத வரி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நான் 34 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றேன். பணிக்கொடையையும் சேமிப்பையும் சேர்த்து 15 இலட்சம் நிலையான வைப்பில் போட்டேன். நகை வாங்கவில்லை, வாகனம் வாங்கவில்லை. சிக்கனமாக இரு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அப்படித்தானே இருக்கவேண்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களுக்கு 90 வீதத்துக்கு மேல். என் வைப்புப் புத்தகத்தில் 15 இலட்சம் அப்படியே இருந்தது. அதற்கு வாங்கக்கூடிய அரிசியும் பருப்பும் அரைவாசியாகப் போய்விட்டன. ஒரு சட்டமும் நிறைவேற்றவில்லை, ஒரு பற்றுச்சீட்டும் தரவில்லை. காசை அச்சடித்தே என் சேமிப்பை எடுத்துவிட்டார்கள். கடன் வாங்கிச் செலவழித்தவன் தப்பினான், சேர்த்து வைத்தவள் இழந்தாள்.

என் மகன் தனியார் நிறுவனத்தில் வேலை. அவனுடைய ஊழியர் சேமலாப நிதியும் 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் போனது. நிதி அரசுக்குக் கொடுத்த கடனுக்காகக் கையில் வைத்திருந்த பிணைமுறிகளுக்கு 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம் வட்டி என்று மாற்றினார்கள். அதே முறிகளை வைத்திருந்த வங்கிகளைத் தொடவில்லை. உழைக்கும் பிள்ளைகளின் முதுமைக் காசில் கை வைத்தார்கள். அவனுக்கு அது இன்னும் விளங்கவில்லை. அறுபது வயதில் விளங்கும்.

இந்த ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள், முன்னர் 5. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் சுயபிரகடனம் கொடுத்து நிறுத்தலாம். நான் கொடுத்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று மாதம் பிடித்துவிட்டார்கள். நான் கூட்டிக்கொண்டு போய்ப் படிவம் நிரப்பினேன். உங்கள் ஊரில் வட்டிக்காசில் சீவிக்கும் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். ஒரு பின்னேர வேலைதான்.

2023 இல் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்தது. திறைசேரிக்காகக் காசு அச்சடிக்க அதில் இடம் இல்லை. எந்தக் கட்சி வந்தாலும் அந்தச் சட்டத்தில் கை வைக்க விடக்கூடாது. என் வாக்கு இனி அதைப் பார்த்துத்தான்.


புதுக்குடியிருப்பு அலுவலர்
13 ஒக்டோபர் 2025, இரவு 9.10

நான் அரச ஊழியன். இங்கே கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு இலட்சம் அரச வேலையைக் குறைசொல்லி, அரச ஊழியரைச் சுமை என்கிறீர்கள். குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ஆக இருந்தது, அதை இந்த ஏப்ரலில் இருந்து கட்டம் கட்டமாக 40,000 ஆக்குகிறார்கள். 24,250 இல் ஒரு குடும்பம் எப்படிச் சீவித்தது என்று யோசித்துப் பாருங்கள். வன்னியில் தனியார் வேலை எங்கே இருக்கிறது? பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தை எங்கள் ஐயா சொல்லித்தான் கேட்டேன். நீங்கள் எல்லாரும் உங்கள் பிள்ளைக்கு எந்த வேலை வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறீர்கள்? எங்கள் வீட்டிலும் அரச வேலைதான் கேட்டார்கள்.

ஆனால் உள்ளே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், நெடுநாளாக மனதில் கிடக்கிறது. எங்களுக்கு வருடக் கணக்கு டிசெம்பர் 31 உடன் முடிகிறது. அதற்குள் செலவழிக்காத காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். காசு பல நேரம் கையில் வருவது ஒக்டோபர், நவம்பரில். வன்னியில் ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடும். குளம் வான் பாயும், வீதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அந்த நேரம் கிரவல் பறித்து வீதி போடவேண்டும். போடாவிட்டால் காசு போய்விடும், ஊருக்கு ஒன்றும் இல்லை. போட்டால் தை மாதம் அந்தக் கிரவல் வாய்க்காலுக்குள் கிடக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்கிறார்கள். மழையில் நின்று அந்த வேலையை மேற்பார்வை செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இதை யாரும் திருடவில்லை. எல்லாக் கடதாசியும் சரியாக இருக்கும். நாட்டின் நிதியாண்டு கொழும்பில் நடக்கிறது, எங்கள் மழை இங்கே பெய்கிறது. காசை மாசியில் அனுப்பினால் புரட்டாதிக்குள் பாதிச் செலவில் நல்ல வீதி போடலாம். வரியைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மாதத்தை மாற்றினால் போதும்.


முரசுமோட்டை வயல் (கிளிநொச்சி)
13 ஒக்டோபர் 2025, இரவு 9.40

அலுவலர் அண்ணை, எங்கள் வாய்க்கால் ஏன் தூர்ந்து போகிறது என்று இன்றுதான் விளங்கியது. நன்றி. நெஞ்சில் கைவைத்துச் சொன்னீர்கள்.


விசுவமடு அம்மா
14 ஒக்டோபர் 2025, காலை 5.50

நெடுங்கேணி பாலை எழுதியதை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. என் மகள்தான் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

எனக்கு அஸ்வெசும 10,000 ரூபாய் வருகிறது. கணவர் 2009 இல் இல்லாமல் போனார். மூன்று பிள்ளைகளை நான்தான் வளர்த்தேன். தோட்டத்தில் வெங்காயம் நட, களை பிடுங்க, கச்சான் ஆய இப்போதும் போகிறேன். ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை. வேலை மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும். மாரியில் அதுவும் இல்லை.

அந்த 10,000 ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் போகிறேன். அரிசிக்கும் பாணுக்கும் வற் இல்லை என்று மகள் சொல்கிறாள். சவர்க்காரம், பற்பசை எல்லாவற்றுக்கும் 18 வீதம் கட்டுகிறேன். மகளுக்குப் போன் ரீலோட் போட்டால் அதில் தொலைத்தொடர்பு வரி 15 வீதம், அதற்கு மேலே வற். ஆகவே நானும் வரி கட்டுகிறவள்தான் ஐயா. உங்களைப்போல் நானும் கணக்குக் கேட்கலாம். எங்கள் ஊரில் வான் வாகனம் வைத்திருக்கிற வீட்டுக்கும் அஸ்வெசும வருகிறது, என்னைவிடக் கஷ்டப்படுகிற ஒரு கிழவிக்கு வரவில்லை. அதைக் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். உழைக்காதவர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள்.


நெடுங்கேணி பாலை
14 ஒக்டோபர் 2025, காலை 8.15

அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து ஒன்றிரண்டு வீட்டைப் பார்த்துவிட்டு எல்லாரையும் சேர்த்து எழுதிவிட்டேன். தகுதியில்லாதவர்களுக்குப் போகக்கூடாது என்பதில் மாற்றம் இல்லை. உங்களுக்கு வருவது உங்களுக்கு உரியதுதான்.


வட்டுவாகல் காற்று (முல்லைத்தீவு)
14 ஒக்டோபர் 2025, பகல் 12.30

நான் போன பாராளுமன்றத் தேர்தலில் இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டவன். வன்னியின் 6 ஆசனங்களில் 2 ஐ அவர்கள் எடுத்தார்கள். அதில் என் வாக்கும் இருக்கிறது, அதனால் இதைச் சொல்லக் கடமை உண்டு.

எல்லாவற்றையும் வீண்செலவு என்று தள்ளாதீர்கள். முன்னாள் ஜனாதிபதிகளின் வீடு, வாகனச் சலுகைகளைப் போன மாதம் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். காசு பெரிதில்லை என்றாலும் முதல் முறை மேலே இருந்து வெட்டினார்கள். வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடி ஒதுக்கி, செப்டெம்பர் 2 ஆம் திகதி வேலையைத் தொடக்கி வைத்தார்கள். 2009 இல் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்கள் நாங்கள். மழைக்கு அது தண்ணீருக்குள் போகும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. என் சவர்க்காரத்து வரி அந்தப் பாலத்தில் ஒரு மூடை சீமெந்தாகப் போனால் நான் சந்தோஷமாகக் கட்டுவேன்.

ஆனால் சொன்னதில் செய்யாததும் உண்டு. எரிபொருள் வரியைக் குறைப்போம் என்று மேடையில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. முரசுமோட்டைத் தம்பியின் 50 ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நானும் கேட்கிறேன். வாக்குப் போட்டவன் கேட்காவிட்டால் யார் கேட்பது?


பாண்டியன்குளம் ஐயா
14 ஒக்டோபர் 2025, இரவு 7.45

பிள்ளைகளே, எனக்கு 74 வயது. வன்னியில் வரி புதிதில்லை. வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானை பிடித்துத் திறை கொடுத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நெல்லில் வரி எடுத்தார்கள், 1893 இல்தான் அது நின்றது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஒரு லொறிச் சாமானுக்கு இரண்டு பக்கமும் வரி கட்டியதை இங்கே எழுதுகிற வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். எல்லாக் காலத்திலும் எடுத்தவன் யாரோ, எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்தவனும் யாரோ. நாங்கள் கொடுத்தவர்கள் மட்டும்.

இதற்காகத்தான் மாகாண சபை கேட்டோம். 2013 செப்டெம்பரில் வடக்குக்கு முதல் தேர்தல் நடந்தது. வரிசையில் நின்று போட்டேன். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. ஏழு வருடமாகத் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். மாகாணத்துக்கென்று இருந்த வருமானத்தையும் பாருங்கள். 2011 இல் மாகாணங்கள் வியாபாரத்தின் விற்பனைத் தொகையில் எடுத்த புரள்வு வரியை நீக்கிவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருவோம் என்றார்கள். 2019 முடிவில் அந்த வரியையே இல்லாமல் செய்தார்கள். சரி, அப்புறம் அந்தப் பங்குக்குப் பதில் என்ன? கொழும்பு பார்த்துத் தருவதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யுத்தம் முடிந்து 16 வருடம். இந்த வருடமும் பாதுகாப்பு அமைச்சுக்கு 40,000 கோடிக்கு மேல். 2030 இல் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 ஜனவரியில் அரசே சொன்னது. வன்னியில் இருப்பவனுக்கு அந்தச் செலவு தாளில் உள்ள எண் இல்லை, வேலியும் காவலரணுமாகக் கண்முன்னே நிற்கிறது. அந்த வேலிக்குள் இருக்கும் காணி வயலாக இருந்தால் அது வரி கட்டும் காணி.


நெறியாளர்
14 ஒக்டோபர் 2025, இரவு 8.20

இழை நல்ல முறையில் போகிறது. கட்சிச் சண்டை தொடங்கிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


கணக்குத்தம்பி (வவுனியா)
14 ஒக்டோபர் 2025, இரவு 10.30

ஐயா சொன்ன மாகாண சபை எங்கள் கையில் இல்லை. பிரதேச சபை இருக்கிறது. மே 6 ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. புதிய உறுப்பினர்கள் தங்கள் முதல் முழு வருடப் பாதீட்டை இப்போதுதான் தயாரிக்கிறார்கள். நிறைவேற்ற முன்னர் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நான் போன வருடம் பாடத்துக்காக ஒரு சபைக்குப் போனேன். பார்வைப் புத்தகத்தில் என் பெயருக்கு மேலே ஒருவருடைய பெயரும் இருக்கவில்லை.

கனகராயன்கரை அண்ணையின் மதகுக்கு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையில் ஒரு தகவல் அலுவலர் இருப்பார். விண்ணப்பம் கொடுத்து, கையோடு ஏற்றுக்கொண்ட சீட்டை வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் மதகு கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு நாலு பந்தியில் கதை எழுதித் தருவார்கள். கடந்த மூன்று வருடத்தில் எந்த எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எந்த மாதம் செலவழித்தீர்கள், ஒப்பந்தம் யாருக்கு என்று கேளுங்கள். எண்கள் வரும். எந்த மாதம் என்ற கேள்வி அலுவலர் அண்ணை சொன்னதில் இருந்து எடுத்தேன்.


ஓமந்தை ரீச்சர்
15 ஒக்டோபர் 2025, காலை 6.40

தம்பி, அந்த விண்ணப்பத்தை நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதி இங்கே போடும். நான் பிழை திருத்தித் தருகிறேன். எல்லாரும் தங்கள் சபைக்கு அதையே கொடுக்கலாம்.


கனகராயன்கரை (மாங்குளம்)
21 ஒக்டோபர் 2025, இரவு 8.15

தீபாவளி வியாபாரத்தில் ஒரு கிழமை இந்தப் பக்கம் வரமுடியவில்லை. ரீச்சர் திருத்திய விண்ணப்பத்தை அச்செடுத்து இன்று காலை எங்கள் சபையில் கொடுத்தேன். விசுவமடு அம்மா கேட்டது சபைக்கு உரியதில்லை, பிரதேச செயலகத்துக்கு என்றார்கள். அதனால் அஸ்வெசுமப் பட்டியல் பற்றி அவருக்கு வேறாக ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மா, மகளை அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் இருந்த பிள்ளை படிவத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கேட்டது. பிறகு ஒரு அலுவலர் வந்து மரியாதையாக வாங்கினார். "மூன்று வருடத்துக்குமா ஐயா" என்று கேட்டார். ஓம் என்றேன். சீட்டில் திகதி அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். போயா விடுமுறையைக் கழித்தால் நவம்பர் 11 ஆம் திகதிக்குள் பதில் வரவேண்டும். சீட்டைக் கடையில் சாமிப்படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

வரைவுப் பாதீடு எப்போது பார்வைக்கு வரும் என்றும் கேட்டேன். அறிவித்தல் பலகையில் போடுவோம் என்றார். பால் வாங்கப் போகும் வழிதான், தினமும் பார்ப்பேன். போட்ட அன்றே இங்கே எழுதுகிறேன். முரசுமோட்டைத் தம்பி, உங்கள் கமக்கார அமைப்பின் உலர்த்தும் தளக் கோரிக்கையை எந்த அலுவலகத்துக்கு, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்று அனுப்பும். பிரதி கையில் இருந்தால் அதுவும் வேண்டும்.


முரசுமோட்டை வயல் (கிளிநொச்சி)
21 ஒக்டோபர் 2025, இரவு 9.00

2022 மாசியிலும் 2024 சித்திரையிலும் கொடுத்தோம் அண்ணை. இரண்டின் பிரதியும் செயலாளர் வீட்டில் இருக்கிறது. நாளை காலை தண்ணீர் மாறிவிட்டுப் போய் எடுத்து அனுப்புகிறேன்.